பினாங்கு டீயும் இரண்டு டம்ளரும்

சன்னிவேலில் எல் கமினோ சாலையோரம் ஒரு சின்ன காபிக் கடை இருக்கிறது. நடத்துபவர்கள் பினாங்கிலிருந்து வந்த வயதான சீனத் தம்பதி. தங்களுக்குள் ஹொக்கியனில்தான் பேசிக்கொள்வார்கள். அடியில் கன்டென்ஸ்டு மில்க் ஊற்றித் தரும் அவர்களுடைய காபிக்கு நான் அடிமை.

ஒரு சனிக்கிழமை காபி கொதிக்கக் கொதிக்க வந்தது. என் கை சும்மா இருக்குமா? காலி கப் ஒன்றை எடுத்து, மதுரை டீக்கடைக்காரர் போல உயரத் தூக்கி ஆற்ற ஆரம்பித்தேன்.

"ஐயோ, நிறுத்துங்க! எல்லாரும் பாக்கறாங்க. எம்பேரஸ் பண்ணாதீங்க" என்று மனைவி பல்லைக் கடித்தாள். அதற்குள் மேஜையெல்லாம் காபி சிந்தியிருந்தது.

கடைக்காரர் வந்தார். நான் சாரி சொல்ல வாயெடுப்பதற்குள், தான் குடிக்க வைத்திருந்த டீயை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே" என்றார், என்னைவிட மூத்தவர்.

தமிழில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். பினாங்கில் அவர் வீட்டுக்கு எதிரே, தள்ளுவண்டியில் ஒரு தமிழர் டீ ஆற்றி விற்பாராம். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுமாம். "எனக்கு அந்த நுரை வரவே மாட்டேங்குது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவியும் தன் கோப்பையோடு வந்தார்.

ஊர் ஞாபகம் வந்தால் நான் அந்தக் கடைக்குப் போவேன். அவர்களுக்கு வந்தால் எங்கே போவார்கள் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

இப்போதெல்லாம் கடைக்குப் போகும்போது இரண்டு எவர்சில்வர் டம்ளர்களும் கூடவே வருகின்றன. மறக்காமல் பையில் எடுத்து வைப்பது என் மனைவிதான்.