மெல்லிய கோடுகள்

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். ஓய்வுபெறவிருந்த முதல்வர், நாங்கள் 'மதர்' என்றழைத்த கன்னியாஸ்திரிக்கான பிரிவுபசார மலரைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நூலகத்துக்கு வரும் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றின் அச்செழுத்தில் எனக்கு அப்போது மயக்கம். செங்குத்துக் கோடுகள் தடித்திருக்கும்; குறுக்குக் கோடுகள் தலைமுடிபோல மெலிந்திருக்கும். பாலக்கரையில் மலரை அச்சிடவிருந்த அச்சகத்தில் அதே சாயலில் ஈய எழுத்து இருந்ததைப் பார்த்ததும் மலர் முழுவதும் அதிலேயே வேண்டும் என்றேன்.

அச்சுக் கோக்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

"தலைப்புக்குப் பெரிய சைஸ்ல வச்சுக்கலாம் மேடம். உள்ள சின்னதுல வேணாம். மலருக்கு எடுத்திருக்குற இந்தச் சொரசொரப்புப் பேப்பர்ல மெல்லிசுக் கோடு விழாதுங்க."

"உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் வழவழப்பான தாளில் கையால் எடுத்துக் காட்டிய மாதிரிப் படி, புரூஃப், அழகாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

விழா நாளில் மதர் மலரைப் பிரித்து, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், விலக்கிப் பார்த்தார்.

"கண்ணாடிய மாத்தணும் போலிருக்கும்மா."

எட்டிப் பார்த்தேன். ஆங்கில 'e' எழுத்துகளின் நடுக்கோடு காணாமல் போய், எல்லாம் 'c' ஆகியிருந்தன. அவரை வாழ்த்திய ஒரு வரியைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை.

மறுநாள் அச்சக உரிமையாளர் அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு மதர் அறைக்கு வந்தார். மதர் என்னிடம் கேட்டார்: "நீ புரூஃப் பாக்கலையாம்மா?"

"பாத்தேன் மதர். நல்லாத்தான் இருந்துச்சு. இப்படி ஆகும்னு யாரும் சொல்லல."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோலப் பார்த்தாள். உரிமையாளர் அங்கேயே அவளைத் திட்டினார். நான் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை அச்சகத்துக்குப் போனபோது அவள் இடத்தில் வேறொருவர் இருந்தார். எங்கே என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

ஐந்தாறு வருடங்கள் கழித்து, ஸ்ரீரங்கத்திலுள்ள என் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் அவள்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நான்தான் பொய் சொல்லிட்டேன்" என்றேன், ஒரே மூச்சில்.

"எனக்குத்தான் அது தெரியுமே மேடம். மதர்கிட்டயும் முதலாளிகிட்டயும்தானே சொல்லியிருக்கணும்."

காவிரிப் பாலம் தாண்டியதும் அவள் இறங்கிக்கொண்டாள்.

மதர் அதற்குள் காலமாகியிருந்தார். அவளைப் பஸ்ஸில் பார்த்த அந்த வாரமே பாலக்கரைக்குப் போய் உரிமையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். "பழைய கதையெல்லாம் இப்ப எதுக்குங்க மேடம்?" என்று சிரித்து, காபி வரவழைத்தார். அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். காபி வந்தது. சொல்லாமலே குடித்துவிட்டு வந்தேன்.