மொரிதா சான் வாய் திறந்த நாள்

1. சாத்திய கதவு

மனேஜர் ஓனோ கதவைச் சாத்தினார். ஜப்பானில் மனேஜர் கதவைச் சாத்தினால் நல்ல செய்தி வராது என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. தேநீர் வரவழைத்தார். ஊரில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"ஜமால்தீன் சேர், நீங்கள் கஷ்டப்பட்டுத்தான் படிப்பிக்கிறீங்கள். ஆனால் வகுப்பில ஒருத்தரும் வாய் திறக்கிறாங்கள் இல்லை. பங்குனியோட உங்கட ஒப்பந்தம் முடியுது. அதுக்குப் பிறகு ஒரு ஆஸ்திரேலியரை எடுக்கலாமா எண்டு யோசிக்கிறம். பிறப்பிலேயே இங்கிலிஸ் கதைக்கிற ஆள் எண்டால் இவங்களும் கதைப்பாங்கள் எண்டு மேலிடம் நினைக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறக்காத ஆட்கள் ஆஸ்திரேலியனைக் கண்டால் மட்டும் திறப்பார்களா? கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

நான் கிண்ணியாக்காரன். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் கந்தோரில் கிளாக்காக இருந்தேன். பின்னேரங்களில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தேன். எங்கள் துறைமுகத்துக்கு வந்த ஒரு ஜப்பான் கப்பலின் கெப்டன் என் ஆங்கிலம் தனக்கு விளங்குகிறது, வெள்ளைக்காரனின் ஆங்கிலம் விளங்குவதில்லை என்றார். அந்த ஒரு வார்த்தையால்தான் அவருடைய ஊரில் கப்பல் திருத்தும் கம்பனி ஒன்று என்னைக் கூப்பிட்டது. நிரந்தர வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்றதும் ஊரே என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. இப்போது ஒரே வருடத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனால், கிண்ணியாத் துறையடியில் என் தலை தெரிந்த உடனேயே சிரிப்புத் தொடங்கிவிடும்.

2. வாயில் கொழுக்கட்டை

அங்கே என் தினப்பாடு பெரிய விசேஷமில்லை. விடிய சுபஹு தொழுதுவிட்டு, மீனை நிறையத் தூள் போட்டு ஆக்குவேன். தூள் ஊரிலிருந்து என் ராத்தா, அதாவது அக்கா, தபாலில் அனுப்பியது. கறி கொதிக்கத் தொடங்கினால் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துப்படும். பிறகு சைக்கிள். குளிரில் கை விறைத்து, மணியடிக்கக்கூட ஏலாது. தெருவில் சின்னப் பிள்ளைகள் என் பின்னால் வந்து, திரும்பிப் பார்த்தால் ஓடுவார்கள். செருப்பைக் கழற்றி வீட்டுக்குள் போகும் ஊர் என்பதில் மட்டும் எனக்கு நிம்மதி. அதை யாரும் எனக்குப் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

வேலை முடிந்த பிறகுதான் வகுப்பு நடக்கும். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், எல்லாரும் திருத்தும் பகுதிக்காரர்கள். எழுத்தில் சூரன்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டு, பதில் சொல்லுங்கள் என்றால் எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. பாட்டுப் பாடிப் பார்த்தேன், பகிடி விட்டுப் பார்த்தேன், மேசையில் தட்டியும் பார்த்தேன். அசையவில்லை.

இதில் என்னைப் போட்டு வாட்டியது கென்ஜி என்ற இளம் எஞ்சினியர். சைக்கிள் விடும் இடத்தில் தனியாகக் கண்டால் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளுவான். வகுப்புக் கதிரையில் குந்தியதும் ஊமையாகிவிடுவான்.

முன் வரிசையில் மொரிதா சான் இருப்பார். சான் என்பது அங்கே பெயருக்குப் பின்னால் வைக்கும் மரியாதை. அவர்தான் அந்தப் பகுதியின் தலைவர், தலை நரைத்த மனிதர். இருந்தவர்களில் ஆங்கிலம் ஆகக் குறைவாகத் தெரிந்தவரும் அவரே. வயது போன ஆளைக் கேள்வி கேட்டு ஏன் சங்கடப்படுத்துவான் என்று அவரை விட்டுவிட்டு, பின்னால் இருக்கிற இளசுகளைத்தான் கேட்பேன். ஊரில் பழகிய மரியாதை அப்படி.

3. ஹாஜியாரின் கதை

மனேஜர் கதவைச் சாத்திய கையோடு புதுவருட லீவு வந்தது. ராத்தாவின் மகளுக்குக் கலியாணம். கொழும்பில் இறங்கி, பஸ் பிடித்து, மாரி மழையில் நனைந்து துறையடிக்கு வந்தேன். அப்போது பாலம் கிடையாது. பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவைதான், அதை நாங்கள் பாதை என்போம். பாதையில் ஏறினால் என் கூட்டாளி அன்சார் நிற்கிறான். அவனுக்கு வாய் ஓயாது.

"என்ன மச்சான், ஜப்பான்காரனுக்கு இங்கிலிஸ் வந்திட்டுதா, இல்லாட்டி உனக்கு ஜப்பான் பாஷை வந்திட்டுதா?"

"ரெண்டும் இல்லை."

"அப்ப குளிருக்குச் சட்டை மட்டும் வந்திருக்கு."

பாதையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

ராத்தாவிடம் மறைக்க ஏலாது. முகத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"அல்லாஹ் நாடினது நடக்கும் தம்பி. வேலை போனா வாங்க. குறிஞ்சாக்கேணியில வயல் கிடக்குதானே."

"வயலில நான் என்ன செய்யிற ராத்தா? நெல்லுக்கு இங்கிலிஸ் படிப்பிக்கவா?"

அவள் சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கலியாணப் பந்தலில் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. எங்கள் சஹனில் அன்சார், நான், இன்னும் மூன்று உறவுக்காரர், மூத்தவராக ஒரு ஹாஜியார். கெண்டியால் தண்ணீர் ஊற்ற, படிக்கத்தில் கை கழுவியாயிற்று. நெய்ச்சோறு ஆவி பறக்கிறது, நடுவில் கோழி. ஹாஜியார் அப்போதுதான் தான் கப்பலில் மக்காவுக்குப் போன கதையைத் தொடங்கினார். கப்பல் கொழும்பை விட்டு அசைய மறுக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் கழுவிய கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு இருக்கிறோம்.

அன்சார் என் காதுக்குள் குனிந்தான். "மச்சான், பசியில உயிர் போகுது. கப்பல் எப்ப மக்காவுக்குப் போய்ச் சேர்ற?"

"அப்ப நீ தொடங்கன்."

"உனக்கென்ன விசரா? ஹாஜியார் கை வைக்காம நான் எப்பிடி முதல்ல கை வைக்கிற?"

நான் சஹனைச் சுற்றிப் பார்த்தேன். முன்னால் சோறு இருக்கிறது. ஐந்து பேருக்கும் பசி. ஐந்து பேருக்கும் சாப்பிடத் தெரியும். ஆனாலும் ஒருவர் கையும் அசையாது. அட, என் வகுப்பல்லவா இது. அங்கே பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. மொரிதா சான் பேசாமல் தாங்கள் எப்படிப் பேசுவது என்று காத்திருந்தார்கள். நானோ மரியாதை என்ற பெயரில் அந்த மனிதரையே வருடம் முழுக்கத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆண்டவனே என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஹாஜியார் தன் கதைக்குத்தான் சிரிக்கிறேன் என்று சந்தோசப்பட்டு, பிஸ்மி சொல்லிக் கோழியில் கை வைத்தார். நான் அன்று சாப்பிட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

4. என் உடைந்த ஜப்பான் பாஷை

திரும்பிப் போனதும் மொரிதா சானிடம் ஓர் உதவி கேட்டேன். எனக்கு ஜப்பான் பாஷை வரவில்லை, பின்னேரம் கப்பல் திருத்தும் டொக்கடியில் நடக்கும்போது சொல்லித்தர ஏலுமா என்று. அவர் சம்மதித்தார். நான் கப்பலைக் காட்டி அவர் பாஷையில் பிழை பிழையாகச் சொல்வேன், அவர் திருத்துவார். பிறகு அதையே நான் ஆங்கிலத்தில் சொல்வேன், அவர் மெதுவாகத் திருப்பிச் சொல்வார். என்னுடைய பிழைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தன் பிழைகள்மேல் இருந்த வெட்கம் குறைந்தது.

ஒரு நாள் துணிந்து சொன்னேன். "மொரிதா சான், எங்கட ஊரில மூத்தவர் கை வைக்காமல் ஒருத்தரும் சோத்தில கை வைக்கமாட்டாங்க. உங்கட ஆக்கள் வருசக்கணக்கா பசியோட இருக்கிறாங்க."

அவர் நின்றுவிட்டார். "நான் வாய் திறந்தால் சிரிப்பாங்கள், சேர்."

"சிரிக்கட்டும். சிரிச்ச வாய் பிறகு கதைக்கும்."

அவர் கப்பலைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார். கெடுத்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனேன்.

அடுத்த வகுப்பில் நான் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, மொரிதா சான் எழும்பினார். "டுடே வெரி கோல்ட்" என்றார். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. "மை வைஃப் சே, டோன்ட் கோ. பட் ஐ கம். மை வைஃப் வெரி ஆங்க்ரி."

திருத்தச் சொல்லி என் நாக்குத் துடித்தது. கடித்துக்கொண்டேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மொரிதா சானும் சிரித்தார். பின்வரிசையில் கென்ஜி எழும்பி, தனக்கு மனைவியில்லை, அம்மாதான் ஏசுகிறா என்றான், முழுக்க ஆங்கிலத்தில். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் வீட்டுச் சண்டையை அவிழ்த்துவிட்டார்கள். வகுப்பை முடிக்க நான் மேசையில் தட்ட வேண்டியிருந்தது.

5. கிரேக்கக் கெப்டன்

ஆனால் இதையெல்லாம் மனேஜர் பார்க்கவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. அப்போது சுக்கான் உடைந்த ஒரு கப்பலோடு கிரேக்கக் கெப்டன் ஒருவர் வந்தார். கந்தோருக்குள் வரும்போதே ஏசிக்கொண்டுதான் வந்தார். வழக்கமாக நகரத்திலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளர் பனியில் மாட்டிக்கொண்டார். ஓனோ என்னைத் தேடி ஓடி வந்தார்.

"சேர், நீங்கள் கதையுங்கோ. இந்தக் கப்பல் போனால் எங்களுக்குப் பெரிய நட்டம்."

கதைத்திருந்தால் அன்றைக்கு நான் நல்ல பிள்ளை. ஆனாலும் சித்திரையில் ஆஸ்திரேலியன் வந்திருப்பான். அதை நினைத்துத்தான் சொன்னேன். "மனேஜர், கொஞ்சம் பொறுங்க. என்ட வகுப்பு ஆக்கள் கதைப்பாங்க."

ஓனோவின் முகம் வெளிறிவிட்டது. நான் கந்தோருக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

மொரிதா சான் தன் ஆட்களோடு உள்ளே வந்து கெப்டனின் முன்னால் போனார். ஒரு கதிரையை இழுத்து வைத்தார். "கெப்டன், ப்ளீஸ் சிட். ஃபர்ஸ்ட், டீ. தென், ஆங்க்ரி."

கெப்டன் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கச் சிரித்துக் கதிரையில் விழுந்தார். தலைவர் பேசியாயிற்று. இனி யார் தடுப்பது? கென்ஜி வரைபடத்தை விரித்தான். இன்னொருவன் எந்த இரும்பு, எத்தனை நாள் என்று விளக்கினான். மூன்றாமவன் கெப்டனோடு வாதாடவே தொடங்கிவிட்டான், ஆங்கிலத்தில். தேநீர் ஆறுவதற்கு முதல் வேலை பேசி முடிந்தது. சுவரோரம் நின்ற எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவ்வளவு சந்தோசம்.

வெளிநாட்டில் படிப்பிக்கப் போகும் பிள்ளைகளே, வகுப்புக்குள் போனதும் யார் கெட்டிக்காரன் என்று தேடாதீர்கள். யார் முதலில் பேச வேண்டியவர் என்று பாருங்கள். அவரைப் பேச வையுங்கள், மற்றவர்கள் தாங்களாகவே பேசுவார்கள்.

மறுநாள் ஓனோ என்னைக் கூப்பிட்டார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. புதிய ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார், நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு தலையைச் சொறிந்தார்.

"இன்னொரு சின்ன வேலை, சேர். அந்த ஆஸ்திரேலியருக்கு இடமில்லை எண்டு ஒரு கடிதம் போடவேணும். நல்ல இங்கிலிஸில இருக்கவேணும். நீங்களே எழுதித் தருவீங்களா?"

"ஓம், எழுதித் தாறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.