காயினுக்கு ஒரு ஓட்டு

செல்போன் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் போனோடு சேர்த்துப் பாஸ்வேர்டையும் கவலையையும் நம் கையில் கொடுத்துவிடுவார்கள். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கடை அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம். டிஸ்ப்ளே உடைந்த போன்களை நான் மறந்துவிடுவேன். ஆப்பில் பணம் போட்டு கிரிப்டோ காயின் வாங்கிய போன்களைத்தான் மறக்க முடியவில்லை.

தோப்பு

விக்கிரமங்கலத்துச் செல்வராசு அண்ணனுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த காயின் கூட்டத்துக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்தார், ஆப்பைப் போட்டுக் கொடு என்று. கூட்டம் நடத்தியவர் வேப்பந்தட்டைப் பக்கத்து வாத்தியார். இந்தக் காயினுக்கு முதலாளியே கிடையாது, வாங்குகிற எல்லாரும் பங்காளி, எல்லாருக்கும் ஓட்டு உண்டு என்றாராம்.

விலை இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தோப்பை விற்க அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது என்றார். மகளை நர்ஸிங் சேர்க்க வேண்டும். ஆனால் அவரை இழுத்தது அது மட்டுமில்லை.

“பொறந்ததுலேருந்து அடுத்தவன் சொல்ற வெலைக்கே முந்திரி போட்டுட்டேன் தம்பி. ஒரு எடத்துலயாவது நம்மளயும் கேட்டுச் செய்யட்டுமே.”

ஓட்டு

மறு வருஷம் விலை சரியத் தொடங்கியது. யாரும் பணத்தை வெளியே எடுக்கக் கூடாது என்று தடை போடலாமா, வேண்டாமா என்று ஆப்பிலேயே ஓட்டெடுப்பு வைத்தார்கள். திருமானூர் மல்லிகா அக்கா சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவர். வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டு இறந்தபோது வந்த இன்சூரன்ஸ் பணம் அதில் இருந்தது. ‘வேண்டாம்’ எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லித் தன் விரலாலேயே அழுத்தினார். காயின் வாங்கியவர்களின் வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தார்கள். தடை நிறைவேறிவிட்டது.

எப்படி என்று கேட்டார். ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை அக்கா, காயினுக்கு ஒரு ஓட்டு என்றேன். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். திறந்து காட்டினேன். பாதிக்கு மேல் நாலைந்து பேர் கையில். அவர்களுக்குப் பேர்கூட இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஓடியது. அக்கா அதை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல காசு குடுத்தாவது நம்ம ஓட்ட வாங்குவாங்க. இங்க நம்ம ஓட்டே தேவைப்படல பாரு.”

நெட்டு வரவில்லை

ஒரு நாள் காலையில் செல்வராசு அண்ணன், குரூப்பில் புதிதாக ஒன்றுமே வரவில்லை, போனில் நெட்டு வரவில்லை போலிருக்கிறது என்று வந்தார். நெட்டு நன்றாகவே வந்தது. குரூப்பைத் திறந்தால், முந்தின நாள் அவர் பேசி அனுப்பியிருந்த செய்தி இருந்தது: அந்த நாலைந்து பேர் யார், கும்பிட்டுக் கேட்கிறேன், சொல்லுங்கள். அதன் கீழே, அவரை நீக்கிவிட்டதாக ஒரு வரி. மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டேன். பார்த்தாராம்; தன்னையும் எடுத்துவிடுவார்களோ என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டாராம். அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

“ஊரவுட்டுத் தள்ளி வைக்கிறதா இருந்தாக்கூட கூப்புட்டு நாலு வார்த்த கேப்பாங்க தம்பி.”

வாத்தியார்

கூட்டம் நடத்திய அந்த வாத்தியாரும் வந்தார், போனை விற்க. பெரம்பலூரில் விற்றால் ஆள் தெரிந்துவிடும் என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். நன்றாகக் கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மச்சான் பணமும் இதில் போனதால் பிள்ளைகளோடு மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார் என்று அவரே சொன்னார். அதற்குமேல் நான் என்ன கேட்பது?

“நான்தான் மேல இருக்கேன்னு நெனச்சேங்க. எனக்கு மேல எத்தன மாடின்னு இப்பதான் தெரியுது.”

நீக்கவா?

இந்த முந்திரி சீசனில், விற்ற தோப்பிலேயே செல்வராசு அண்ணன் கொட்டை பொறுக்கப் போகிறார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஆப்பை எடுத்துவிடு என்று போனை நீட்டினார். வேலைக்கு நடுவே அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறாராம், மேஸ்திரி திட்டுகிறாராம். ஆப் இன்னும் லட்சக்கணக்கில்தான் காட்டியது, எடுக்கத்தான் முடியாது. அழுத்தினேன். ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“தோப்ப விக்கிறப்ப இப்புடி யாராச்சும் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்.”

பணம் போட்டவர்கள் அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நமக்குத் தெரியும், அந்தப் பணத்தை எடுத்தவர்களைத்தான் இன்றுவரை ஒரு கடைக்காரனும் பார்த்ததில்லை.