வெறும் இடம்

இத்தாலியில், லிபெர்த்தா என்ற தெருவில் நான் வீட்டுவேலை பார்த்த கிழவர், ஓய்வுபெற்ற பேராசிரியர். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க நாவல்களைப் படித்துப் படித்து, வெள்ளையர் மேற்கே நகர்த்திய எல்லையைச் சுவரில் தொங்கிய அமெரிக்க வரைபடத்தின் கண்ணாடிமேல் சிவப்பு மெழுகுப் பென்சிலால் கீறுவார்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவாவிட்டால் எனக்குக் கையரிக்கும். ஒரு வெள்ளி, வரைபடத்தையும் ஈரத்துணியால் துடைத்தேன். எல்லை முழுவதும் துணியோடு வந்துவிட்டது.

வேலை போனால் பெர்மெஸ்ஸோவும், இத்தாலியில் தங்கும் அனுமதியும், போய்விடும். பென்சிலை எடுத்து நானே ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

அவர் வந்து மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"ஆர் இதைக் கீறினது?"

"நான்தான் புரொபெசோரே. தெரியாமல் துடைச்சுப்போட்டன்."

"ஏன் இந்த இடத்திலை?"

"அங்கை ஒரு பேரும் எழுதியிருக்கேல்லை. வெறும் இடம்தானே எண்டு..."

அவர் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்து அரசியல்வாதியும் இதைத்தான் சொன்னவன். நாவல்காரனும் இதைத்தான் எழுதினவன். அங்கை சனம் இருந்தது."

"அப்ப என்ரை வேலை?"

"திங்கட்கிழமை வாரும்."

என் கோட்டை அவர் அழிக்கவேயில்லை. மன்னித்தாரா, மாட்டிவைத்தாரா, இன்றும் விளங்கவில்லை. சொந்தக் காணியை விட்டு ஓடிவந்த நான், அடுத்தவன் நிலத்தைப் பிடித்தவனாக அந்தச் சுவரில் தொங்கினேன்.