மந்திரி உட்கார்ந்த சிவப்பு ஸ்டூல்

“...கருத்துரு பரிசீலனையில இருக்குதுங்க. உரிய நேரத்துல ஆவன...” என்று சொல்லிக்கொண்டு வந்த எங்கள் எம்.எல்.ஏ. அக்கா, அந்த இடத்தில் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கையில் பாதி குடித்த டீ. போன வாரம், மலை மேல் பெரக்கரை நாட்டில் எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் நடந்தது இது. “மலை மேல மரவள்ளி ஆலை வருமுங்களா, வராதுங்களா? ஒண்ணு சொல்லிப்போடுங்க அக்கா” என்று டீக்கடைக்காரர்தான் கேட்டார். அக்கா பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோர் பார்வையும் சொல்லிவைத்தாற்போல, சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலுக்குப் போனது. அக்காவும் அதைத்தான் பார்த்தார். ஒரு பேச்சு பாதியில் நின்றதற்கு ஏன் இத்தனை பேர் ஒரு ஸ்டூலைப் பார்க்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா மலைக்காரர். மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவர் வீடு. முதல் தடவை ஜெயித்தபோது எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். சென்னைக்குப் போய், மலை ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேண்டும் என்று சட்டசபையில் கேட்டுவிட்டு வந்த கையோடு, பஸ்ஸை விட்டு இறங்கி இதே கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. “‘ஆவன செய்யப்படும்’னு சொல்லிப்போட்டு மந்திரி உக்காந்துக்கிட்டாருங்க. அத்தோட கேள்வியும் உக்காந்துக்கிச்சு” என்றார். டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, “அந்த வார்த்தைய அரைச்சுத் தோசை ஊத்த முடியுமுங்களா?” என்று கேட்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் யோசித்தார். “நான் கேட்டது சரியில்லீங்க. அந்த வார்த்தை உள்ள நுழையற மாதிரி கதவைத் தெறந்து வெச்சுக் கேட்டுப்போட்டேன்” என்றார்.

அன்றைக்குத்தான் அந்த டீக்கடையில் எங்கள் சபை கூட ஆரம்பித்தது. அக்கா சென்னைக்குப் புறப்படும் முன்பு, கேட்கப்போகிற கேள்வியை முதலில் எங்களிடம் கேட்பார். எங்களில் ஒருவர் சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்து மந்திரியாகப் பதில் சொல்ல வேண்டும். ஆவன செய்யப்படும், பரிசீலனையில் உள்ளது, நிதிநிலைக்கு ஏற்ப என்று எதையாவது சொல்லி மந்திரி தப்பித்துவிட்டால் அந்தக் கேள்வி தோற்றது, திருத்த வேண்டும். மந்திரி பதில் தெரியாமல் முழித்தால் கேள்வி ஜெயித்தது, எல்லோருக்கும் போண்டா. நான் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற டெம்போக்காரன். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவன், ஆனால் ஜனங்கள் பேசுகிற பேச்சுக்குக் காதைக் கொடுத்தே பிழைத்தவன். ஆலை வாசலில் புரோக்கர்கள் பதில் சொல்லாமல் பதில் சொல்கிற அழகை வருஷக்கணக்கில் பார்த்தவன். அதனால் ஸ்டூல் எனக்கே வந்து சேர்ந்தது. நான் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து, “உறுப்பினரின் அக்கறையை இந்த அரசு பாராட்டுகிறது” என்று ஆரம்பித்தாலே கடை குலுங்கும். “சாமி, உங்கள நெசமாவே மந்திரியாக்கிப்போட்டா நாடு தாங்காது” என்பார் அக்கா. ஊரில் எனக்கு மந்திரி என்றே பெயர் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரி மட்டும், “மந்திரி, அடுப்புக்கு வெறகு இல்லீங்க” என்பாள்.

விளையாட்டு மாதிரி தெரிந்தாலும் அக்காவுக்கு அது விளையாட்டில்லை. கிண்டல் செய்தால் முகம் கோணாமல் கேட்டுக்கொள்வார். யாராவது பயந்துகொண்டு நல்ல கேள்வி என்று சொன்னால்தான் கோபம் வரும். “எனக்கு வலிக்கும்னு பாத்தீங்கன்னா அங்க போயி நம்ம சனத்துக்கு வலிக்குமுங்க” என்பார். பெரிய பதவியில் இருக்கிறவர் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் கேள்வியில் ஓட்டை எங்கே என்று டெம்போக்காரனிடம் கேட்டதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய கேள்வி ஒன்று சட்டசபையில் கேட்கத் தேர்வானது. மலை மேல் மரவள்ளி ஆலை அமைக்க அரசு முன்வருமா என்பதுதான் கேள்வி. கிழங்கைப் பிடுங்கிவிட்டால் அது காத்திருக்காது, கறுக்க ஆரம்பித்துவிடும். அது கீழே ஆலைக்காரனுக்குத் தெரியும். வண்டி நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விடுவான். வெயிலில் கிழங்கும் நானும் காய்வோம். மலையிலேயே ஆலை இருந்தால் எங்கள் ஜனங்கள் அவன் வாசலில் நிற்க வேண்டியதில்லை. தொழில் மந்திரியின் பதிலுக்குப் பிறகு அக்காவுக்குத் துணைக்கேள்வி ஒன்று கிடைக்கும். அது என்ன என்பதற்காகத்தான் அன்று கடையில் சபை கூடியது.

நான் ஸ்டூலில் இருந்தேன். நல்ல உற்சாகத்தில் இருந்தேன். நிலம் இருக்கிறது, கிழங்கு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், பிறகென்ன தடை என்று அக்கா மடக்கினார். நான் அசரவில்லை. “மலைப்பகுதியில் மின்னழுத்தம் போதவில்லை. ஆலை மோட்டார் ஓடாது. மின்னழுத்தம் சீரானதும் ஆவன செய்யப்படும்” என்றேன். கடையில் கைதட்டல். அக்காவே, “அட, இது நல்ல பூட்டுங்க” என்றார். அப்போது கடைவாசலில் நனைந்த குடையை மடக்கிக்கொண்டு நின்ற நர்ஸம்மா பேசினார். தெற்கே கடலோர ஊரிலிருந்து எங்கள் மலை ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தவர். “மந்திரி அண்ணே, மோட்டார் ஓடாதுன்னு உங்களுக்குத் தெரியுது. அதே கரண்டுல பச்சப்புள்ளைய வைக்கிற வார்மர் எப்படி ஓடும்? சாயங்காலமானா பல்பே மினுக் மினுக்குங்குது. புள்ளைக்குச் சூட்டை நான் எங்கேருந்து கொண்டுவர?” என்றார்.

கடை முதலில் சிரித்தது, மந்திரி மாட்டிக்கொண்டார் என்று. பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள், எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் முதல் குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. வார்மர் சூடாகவில்லை. ஆம்புலன்ஸ் வேறு பிரசவத்துக்குப் போயிருந்தது. என் டெம்போவில்தான் கீழே கொண்டுபோனோம். நர்ஸம்மா குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மேலே சேலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார். வளைவுக்கு வளைவு நான் பிரேக்கை மிதித்தேன். கீழே சமவெளி தெரிந்தபோது அவர் என் தோளைத் தொட்டு, “மெதுவாவே போங்கண்ணே” என்றார். எனக்கு விளங்கிவிட்டது. கடையில் சபை கூடிய அன்று என் வீட்டுக்காரி மறுபடியும் உண்டாகியிருந்தாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் பிரசவம்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “இதைத்தான் நான் கேக்கப்போறேன். கேக்கட்டுமுங்களா?” என்றார். என்னிடம் அனுமதி கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்குப் போண்டாவை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

கேள்வி நேரத்தைச் செல்போனில் பார்த்தோம். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டார். தொழில் மந்திரி எழுந்து, மலையில் மின்னழுத்தம் போதாததால் அத்தகைய திட்டம் தற்போது இல்லை என்றார். நான் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் மாதிரி சொன்னார். கடையில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அக்கா எழுந்தார். “ஆலைக்குப் போதாத மின்சாரம் ஆஸ்பத்திரிக்குப் போதும் என்று அரசு நினைக்கிறதா?” என்று வார்மரைப் பற்றிக் கேட்டார். துணைக்கேள்வி மூலக்கேள்வியை ஒட்டியிருக்க வேண்டும், ஆலையைக் கேட்டுவிட்டு மருத்துவத்துக்குப் போகிறீர்களே என்று பேரவைத் தலைவர் குறுக்கிட்டார். அக்கா உட்காரவில்லை. எழுதிவைத்த தமிழை விட்டுவிட்டு மலைப் பேச்சுக்கு வந்துவிட்டார். “ரெண்டுக்கும் ஒரே கம்பிதானுங்க, தலைவர் அவர்களே. கிழங்கும் அதே கம்பியப் பாத்துத்தான் கெடக்குது, கொழந்தையும் அதே கம்பியப் பாத்துத்தான் கெடக்குது. கிழங்கு கெட்டா வேற நட்டுக்குவோம்.” அதோடு நிறுத்திக்கொண்டார். மந்திரி எழுந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த மின்சார மந்திரியிடம் குனிந்து பேசிவிட்டு, இந்தக் கூட்டத்தொடர் முடியும் முன்பு ஆஸ்பத்திரிக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வைக்கப்படும் என்றார். “அந்த வார்த்தையச் சொல்லலீங்க!” என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

சொன்னபடி டிரான்ஸ்பார்மர் லாரியில் மலையேறியது. அதை இறக்கும்போது அக்கா மழையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஆட்களுக்கு டீ கொடுத்தபடி நின்றார். எங்கள் மகளும் அவசரக்காரிதான், மாதம் நிறையாமல்தான் வந்தாள். நான் வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். ஜன்னல் வெளிச்சம் மினுக்காமல் எரிந்தது. நர்ஸம்மா வெளியே வந்து, “சாவியைப் பாக்கெட்டுல போடுங்க மந்திரி அண்ணே” என்றார். இப்போது அவர் மாற்றலாகித் தன் ஊர்ப்பக்கம் போய்விட்டார். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அக்கா மேல் எனக்கிருக்கிற மரியாதைக்கு இதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியாது.

ஆலை மட்டும் வரவில்லை. என் டெம்போ இன்னும் கீழேதான் போய் நிற்கிறது. இதற்கிடையில் காற்று மாறி, அக்கா மறுபடி ஜெயித்து, ஆளும் வரிசைக்குப் போய்விட்டார். அங்கே போனால் கேள்வி கேட்கிற வாய்க்குப் பதில் சொல்கிற பழக்கம் வந்துவிடும் போலிருக்கிறது. போன வாரம் அந்தப் பழைய வார்த்தை அவர் வாயிலேயே பாதி வந்தது, மீதியை அவரே கடித்துக்கொண்டார். ஸ்டூலைப் பார்த்தார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்தார். “மந்திரி, இன்னிக்கு நீங்க பெஞ்சுல உக்காந்து கேளுங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு, எழுந்து போய், சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த சிவப்பு ஸ்டூலைத் தூக்கி வந்து, முந்தானையால் தூசு தட்டி, எங்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.