குறுவை நடவும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

மாசி மாதம் என் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். சாலையில் காயப் போட்டிருந்த நெல்லில் சக்கரம் வழுக்கிவிட்டது. அது எங்கள் நெல். களத்தில் இடம் இல்லையென்று தார்ச்சாலையில் பரப்பச் சொன்னது நான்தான். இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பாதிச் சாலையை நெல்லுக்கு விட்டுவிட்டு மீதிப் பாதியில் பேருந்து ஒதுங்கிப் போகும். யாரும் அதைத் தவறென்று நினைப்பதில்லை. அதுவரை நானும் நினைத்ததில்லை.

வலது தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வலங்கைமான் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவளை அழைத்து வந்தேன். கால் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார், சேர்ந்தும் வந்தது. என் பயம் வேறு. இரண்டாவது மாதத்திலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" என்பாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

அவளுக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். அவளோடு படிக்கும் மூன்று பெண்கள் ஹாஸ்டலில் இருந்தபடி தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். நான்கு பேர் ஒரு அணி. இவளும் வீட்டிலிருந்து சேர்ந்துகொள்வாள். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் படம் ஓடாது, விட்டுவிட்டு நகரும். அவர்கள் கொஞ்ச நாள் இவளுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு இவளே ஒருநாள் ஹெட்போனில், "நீங்க ஆடுங்கடி, எனக்குக் கால் வலிக்குது" என்றாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளுக்குக் கால் வலிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"என்னடி வேணும் அதுக்கு?"

"கிராபிக்ஸ் கார்டு. வேணாம், விடும்மா."

நான் விடவில்லை. விலை குறைந்த கார்டுகளைப் பற்றிய வீடியோக்களை ஒரு வாரம் பார்த்தேன். சொல்லி வைத்தாற்போல் எல்லோரும், இருப்பதிலேயே கனமான விளையாட்டைப் போட்டு, எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து, படம் திணறியதும் "இதை வாங்கவே வாங்காதீங்க" என்றார்கள். குழம்பிப்போய்த் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன்.

பழைய பேருந்து நிலையம் அருகே மாடியில் இருந்த கடை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும்.

"பொண்ணு என்ன கேம் ஆடுதுங்க?"

எழுதி வைத்திருந்த பெயரைக் காட்டினேன்.

"ஸ்கிரீன் பெருசா?"

"சின்னதுதாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு."

"அப்ப இதுவே போதும்" என்று, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற கார்டு ஒன்றை எடுத்து வைத்தார். "செட்டிங் எல்லாத்தையும் மீடியத்துல வைக்கச் சொல்லுங்க. கேம்ல விழுற நிழலை மட்டும் இன்னும் குறைச்சுக்கலாம். ஓடும்."

"வீடியோவுல இதைக் குப்பைங்கறாங்களே."

"அவங்க ஆடுற கேமுக்குக் குப்பை. உங்க பொண்ணு அதையா ஆடுது?"

அதை வாங்கி வந்த அன்று மகளே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு கார்டைப் பொருத்தினாள். நான் செல்போன் விளக்கைப் பிடித்தேன். ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. படம் தண்ணீர்போல ஓடியது. பத்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து மறுபடி எழுந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். நான்காம் நாள் அவள் ஹெட்போனைத் தொடவே இல்லை. "கால் வலிக்குதும்மா" என்றாள், இந்த முறை என்னிடமே.

அந்தக் கார்டைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் சத்தம் போட்டேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன். பிள்ளை படுத்துக் கிடக்கிறாள் என்றேன். தேவையில்லாததெல்லாம் சொன்னேன். அவர் கார்டைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அதே விளையாட்டை மீடியத்தில் வைத்து ஓடவிட்டார். ஒரு மணி நேரம் நானும் அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருமுறைகூட அணையவில்லை.

"வீட்ல எத்தனை மணிக்குங்க போடுறீங்க?"

"ஆறு மணிக்கு."

"அந்நேரம் லைட்டு மங்குதா?"

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு வாரமாக நான் விடியற்காலையில் எழுந்து மாவரைக்கிறேன், சாயங்காலத்தில் கிரைண்டர் சுற்றாததால். குறுவை நடவு நேரம். மேட்டூர் திறந்தும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. ஊரில் எல்லோரும் மோட்டார் போட்டிருந்தார்கள். வீட்டுக் கொல்லையில் எங்கள் மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"உங்க பெட்டியில பவர் சப்ளை பழசும்மா. வோல்டேஜ் இறங்குனா, கார்டு கேக்குறப்ப அதால குடுக்க முடியாது. இதும்மேல பழி போடாதீங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பொண்ணு ஆடுதான்னு மட்டும் போன் போட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மணல் தட்டில் நெல் விதைகளை ஊன்றி, எல்லாத் தட்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே வெப்பம் கொடுத்து, முளைத்ததை எண்ணி எழுதுவது என் தொழில். கார்டோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மகள் என்னையே பார்த்தாள்.

"தண்ணி ஊத்தாம வச்சிட்டு, முளைக்கலன்னு எழுதுவியாம்மா ஆபீஸ்ல?"

பல நாளுக்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தாள். எனக்கு அதுவே போதும்போல இருந்தது.

பவர் சப்ளையை மாற்றுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க நினைத்தேன். எங்கள் கரண்ட் லைனில் எங்களைத் தவிரப் பக்கத்து வயல்காரரின் மோட்டார்தான் உண்டு. வரப்பில் நின்றவரிடம் போனேன்.

"அண்ணே, ஆறுலேருந்து ஏழு வரைக்கும் மோட்டாரை நிறுத்த முடியுமா?"

"என்னத்துக்கு?"

"பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு வேலை."

"பரீட்சையா?"

"அந்த மாதிரிதான்."

அவர் சிரித்தார். "கேம்னு சொல்லேன். எம் பேரனும் அதைத்தான் பரீட்சைங்கறான். ஒரு மணி நேரத்துல நாத்து செத்துடாது, போ."

ஆறு மணிக்கு இரண்டு மோட்டாரும் நின்றன. நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கடந்தது. இருபது. உள்ளே இருந்து, "எருமை, பின்னாடி பாருடி, பின்னாடி" என்று அவள் கத்துவது கேட்டது. அதன்பின் ஒரு சிரிப்பு. ஸ்கூட்டர் விழுந்த அன்றைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏழு மணிக்கு அவள் ஊன்றுகோலோடு தானாக நடந்து அடுப்படி வாசல்வரை வந்தாள்.

"ஒரு தடவகூட நிக்கலம்மா. மோட்டாரைப் போட்டுக்கோ."

எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். பின்னாலேயே அவள் குரல் வந்தது.

"பக்கத்து வயல் மாமாகிட்ட நாளைக்கும் சொல்லி வச்சிடு. ஆறு மணிக்கு."