ஒரே வாசல்

பேசாலையில் என் தையல் கடைக்கு ஒரே வாசல்தான். பின்பக்கம் பலகைக் கதவொன்று வைப்போமா என்று கடையைக் கட்டிய மேசன் கேட்டபோது, கள்ளனுக்கு இரண்டு வழி எதற்கு என்று அவர் வாயை அடைத்தேன். ஜன்னலும் வேண்டாம், லைட் இருக்கிறதே என்றேன். முன்னால் இரும்புத் தகட்டு ரோலர் கதவு, அதன் நடுவில் இருப்பதிலேயே விலை கூடிய பூட்டு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

உப்புக் காற்றில் பூட்டு சீக்கிரமே இறுகத் தொடங்கியது. கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் எது இறுகினாலும் மருந்து ஒன்றுதான்: படகு எஞ்சின் எண்ணெய். என் கணவர் சனிக்கிழமைதோறும் அதைப் பூட்டுத் துளைக்குள் ஊற்றுவார். எண்ணெய் இருக்கிற இடத்தில் மணல் ஒட்டும் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. கச்சான் காற்று அள்ளி வந்த மணலெல்லாம் உள்ளே போய்க் களியாகிவிட்டது. பூட்டில் போட்ட திறப்பு சுற்ற மறுத்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றினோம்.

பிள்ளைகள் சுவாமியின் கையால் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை நாள் காலை திறப்பு பூட்டுக்குள்ளேயே முறிந்தது. உள்ளே ஒன்பது பெண்பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள். ஒன்று என் மகளுடையது. பூசைக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் இருந்தது. தாய்மார் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கணவர் கம்பியால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. அவ்வளவு நல்ல கதவு! நான் கை வீங்கும்வரை தகட்டில் அடித்தேன். எல்லோர் முன்னாலும் அழுதேன்.

தோட்டவெளியிலிருந்து வெல்டிங்காரர் இரும்பு வெட்டும் கிரைண்டருடன் வந்தார். பூட்டைச் சுற்றி வெட்ட ஐந்து நிமிடம் போதும் என்றார். பிறகு, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

கசங்கக்கூடாதென்று சட்டைகளையெல்லாம் முந்தின நாள் கதவை ஒட்டி உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தேன். திறந்ததும் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று என் மகளுடையதை முன்னால், பூட்டுக்கு நேரே மாட்டியிருந்தேன். அதில்தான் லேஸ் அதிகம்.

"நெருப்புப் பொறி உள்ளுக்குத்தான் பறக்கும் அக்கா. முன்னுக்குக் கிடக்கிறது தப்பாது. பின்னுக்குள்ளது தப்பும். வெட்டவோ?"

முன்னால் தொங்குவது யாருடையது என்று தாய்மாருக்குத் தெரியாது. எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் தலையில் பூமுடியுடன் என் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"வெட்டுங்கோ" என்றேன்.

கிரைண்டர் அலறத் தொடங்கியது. மகள் அழவில்லை. சீலையை இழுத்து என்னைக் குனியவைத்தாள்.

"அம்மா, ஓட்டைச் சட்டையோட போனாலும் சுவாமி எனக்கு நன்மை தருவாரோ?"

ஓம், தருவார் என்றேன். அந்தச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை. திரும்பவும் கேட்டாள்.